முன்னால் அரைத்தது

மூடி திறப்பதற்கு முன்பே கருப்பட்டி வாசனை வந்துவிட்டது. இன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறார். முந்தாநாள் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது எல்லோரும் கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள், கொடுத்ததை டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு வெறும் வாயை மென்றேன். நேற்று மேல்தளத்தில் காற்று, புடவைத் தலைப்பு முகத்தில் அடித்தது, தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் மறுபடியும் பைக்குள். இந்த வயதில் நாடகம். நாக்கில் ஒன்றுமே இல்லாமல் 'ரொம்ப நன்னாருக்கு டீச்சர்' என்று வேறு சொன்னேன். இன்றைக்குக் காற்றும் இல்லை கரையும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதற்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி டீச்சர், என் பெண்ணின் மாமியார், டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்படிக் கை கட்டி உட்கார்ந்தே எத்தனை பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்திருப்பார். 'எடுத்துக்கிடுங்க மைனி. இங்கன வச்சே சாப்பிடுங்க.' இங்கன வச்சே. அதில் ஏதோ இருக்கிறது. பார்த்துவிட்டாரா. பார்த்திருக்க முடியாது, நான் அவ்வளவு அசட்டையாகச் செய்யவில்லை. பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும், அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன், அதனால்தான் இத்தனை கோபம் வருகிறது, யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம், வெறும் வயிற்றில் அமிலம் மாதிரி. மைனி என்கிறார். சம்பந்திக்கு அவர்கள் ஊர்ப்பக்கம் அதுதான் முறையாம், என் பெண் மைத்ரேயி சொன்னாள். எனக்கு வாயில் வரவில்லை. டீச்சர் என்கிறேன், அவரிடம் நான் ஏதோ பாடம் படித்தவள் போல.

முந்திரிக்கொத்து. டப்பாவில் கொத்துக் கொத்தாக, மஞ்சள் தொட்ட வெள்ளையில், உள்ளே கருப்பட்டியின் கறுப்பு லேசாகத் தெரிய. பாசிப்பயறை வறுத்து அரைத்து, பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பது. கடைகளில் இப்போது மைதாவில் முக்குகிறார்கள். 'ஒங்களுக்குன்னு பச்சரிசி மாவுல முக்குனேன் மைனி. புது எண்ணெய், புதுச் சட்டி. மைதா ஒரு பொட்டுக் கிடையாது' என்று முதல் நாளே சொன்னார். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள். என் சொந்தத் தங்கை செய்ததில்லை, அவள் ஒவ்வொரு தீபாவளிக்கும் ரவா லாடு கொண்டுவந்து 'ஓ, உனக்கு ஆகாதில்ல, மறந்தே போயிடுத்து' என்பாள். இவர் மறக்கவில்லை. புதுச் சட்டி வாங்கியிருக்கிறார். ஆனால் பயறை எங்கே அரைத்தார்? அரிசியை எங்கே அரைத்தார்? மிக்சியில் இவ்வளவு நைசு வராது, இது மில் மாவு, பார்த்தாலே தெரிகிறது. பல மில்களில் மிளகாய்க்குத் தனி இயந்திரம் உண்டு, மாவில் காரம் ஏறினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரே இயந்திரம்தான், வெள்ளையும் வெள்ளையும் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. என் குடலுக்குத் தெரியும். யார் வீட்டுக் கோதுமையோ கல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்து வந்த அரிசியோடு இறங்கி, கடல் தாண்டி என்னைத் தேடிக்கொண்டு வரும். ஆகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி: மில்லில் உங்களுக்கு முன்னால் அரைத்தது யார், என்ன அரைத்தார்கள்? அவ்வளவுதான். அதை நான் கேட்க வேண்டும், அவரிடம். மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். என் குரல் வரவில்லை, என் மாமியாரின் குரல் வருகிறது.

மாமியார் அப்படித்தான் கேட்பாள். மாவு எங்கே அரைத்தாய், யார் கை பட்டது, யார் வீட்டுப் பாத்திரம், அந்தப் பெண் எந்தத் தெரு. பத்து என்று ஒரு தீட்டு, சோறு பத்து. அதைத் தொட்ட கையால் தயிரைத் தொடக்கூடாது, ஊறுகாய் ஜாடியை நெருங்கக்கூடாது, குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துவிட்டு வர வேண்டும். இலக்கியம் படித்துவிட்டு மாம்பலத்து வாடகை வீட்டுச் சமையலறைக்குள் வந்தவள் நான், எதற்கு, எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை, ஒரு நாள் சோற்றுக் கரண்டியை எல்லார் எதிரிலும் தயிர்ப் பானைக்குள் முழுக்க இறக்கினேன். கரண்டியிலிருந்து பருக்கைகள் கழன்று தயிரில் மெதுவாக அமிழ்ந்ததைப் பார்த்தேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம். மாமியார் போனாள், நான் ஜெயித்தேன். பிறகு வயிறு வீங்கியது, ரத்தம் குறைந்தது, முடி கைக்கொத்தாக வந்தது, 'இது வடக்கத்திக்காராளுக்கு வர வியாதி, உங்களுக்கு இருக்காது' என்று ஒரு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், கடைசியில் வேறொருவர் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்றார், கோதுமை பட்டால் குடல் அழிகிற வியாதி. குடலுக்குள் கம்பளம் போல நிற்க வேண்டிய மெல்லிய இழைகள் எல்லாம் வழித்தெடுத்த தரை மாதிரிக் கிடந்தன. அன்றிலிருந்து என் சமையலறையில் எனக்குத் தனித் தோசைக்கல், தனிக் கரண்டி, தனி எண்ணெய். பெருங்காயம்கூட ஆகாது, கட்டியில் மைதா சேர்க்கிறார்கள், அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வருஷம் ரசம் சாதமே என்னைத் தின்றது. சப்பாத்தி தொட்ட கையோடு என் கணவர் சம்பத் என் தயிரை எடுத்தபோது கத்தினேன், 'கையை அலம்பிண்டு வாங்கோ!' அவர் அப்படியே நின்றார், பிறகு சிரித்தார். 'அம்மா ஜெயிச்சுட்டா பத்மாசனி' என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சம்பத்தும் போய்விட்டார், அந்த வாக்கியம் போகவில்லை. அர்த்தமில்லாத விதிகளை உடைத்தேன், அதே விதிகள் அர்த்தத்தோடு திரும்பி வந்து என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டன. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் மாமியாரும் நானும் ஒரே பெண்.

டப்பா அங்கேயே இருக்கிறது. கப்பல் லேசாகச் சாய்கிறது, கண்ணாடி ஜன்னலில் கடல் ஏறி இறங்குகிறது, என் தட்டில் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, மூடி பிரிக்காத தயிர்க் கோப்பை, பக்கத்துக் கூடையில் ஆரஞ்சுகள். மூன்று வேளையும் இதுதான் சாப்பாடு. சாப்பாட்டுக்குக் குறைவே இல்லாத இடம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த நீண்ட மேஜையில் எனக்கென்று ஒரு சின்னக் கொடி குத்தி வைத்திருக்கிறார்கள், கோதுமை இல்லாத உணவு என்று, அந்தக் கொடிக்குக் கீழே இருக்கிற சோற்றில், மைதா ரொட்டியைத் தூக்கிய இடுக்கியை ஒருவர் வைத்துவிட்டுப் போகிறார், எடுத்தேன், பரிமாறுகிற பையனிடம் காட்டினேன், 'மேலாப்பல எடுக்காதீங்க மேடம், அடியிலேர்ந்து எடுத்துக்குங்க' என்று அன்பாக யோசனை சொன்னான். தோசை உண்டு, ரவா தோசை சுட்ட அதே கல்லில். ஜைனர்களுக்கு மட்டும் தனி மேஜை, தனிப் பாத்திரம், தனிச் சமையல்காரர், அவர்கள் வெங்காயம் வேண்டாமென்றால் வெங்காயம் அந்தப் பக்கமே வருவதில்லை. சரிதான், வேண்டும்தான். சாமி சொன்னால் கேட்கிறார்கள். என் வியாதிக்கு ஒரு சாமி இல்லை. நான் ஏதாவது விரதம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கப்பல் முழுக்க எனக்காகக் கை கழுவியிருக்கும். கொண்டுவந்த சின்னக் குக்கரைத் துறைமுகத்திலேயே சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், நெருப்பு ஆபத்தாம். அறையில் அவலை வெந்நீரில் ஊறவைத்துத் தின்கிறேன், அது குடிநீர்ப் பாட்டிலின் பிளாஸ்டிக் வாசனையோடு தொண்டையில் இறங்குகிறது. கூடத்து வாசலில் ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டே எல்லோர் கையிலும் கிருமிநாசினி பீச்சுகிறான், கிருமி சாகும், கோதுமை சாகாது, அது என்ன உயிரா சாவதற்கு. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால்தான் போகும். யாரிடம் சொல்வது.

'அம்மா.' மைத்ரேயி என் காதுக்கருகில். சிரித்த முகத்தை மாற்றாமல் உதட்டோரத்தால் பேசுகிறாள், சின்ன வயதில் கோவில் வரிசையில் பேசுவது போல. 'ஒண்ணே ஒண்ணும்மா. வாயில போட்டுக்கோ. அவா பாத்துண்டேருக்கா.' அவளுக்குத் தெரியும். குழாய் விட்டு எடுத்த படத்தை மருத்துவர் காட்டியபோது என் பக்கத்தில் நின்று அழுதவள் இவள்தான். போன வருஷம் ஒரு சீமந்தத்தில் சாம்பார்ப் பெருங்காயம் என்னைக் குளியலறைத் தரையில் கிடத்தியபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டவளும் இவள்தான், வாரக் கணக்கில் எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் எலும்புக்குள் யாரோ ரம்பம் போடுகிற மாதிரி. இங்கே அப்படி வந்தால்? அலமாரி அளவு கழிப்பறை, சுற்றித் தண்ணீர், இறங்கக் கரை இல்லை. ஆனாலும் ஒண்ணே ஒண்ணு என்கிறாள். புறப்படுவதற்கு முன் தொலைபேசியிலும் சொன்னாள்: 'மில்லு, கரண்டி, இடுக்கின்னு அவாகிட்ட ஆரம்பிக்காதேம்மா, ப்ளீஸ். கோதுமை அலர்ஜின்னு மட்டும் சொல்லியிருக்கேன். நீ கேட்டா அது எப்படிக் கேக்கும்னு உனக்கே தெரியாதா?' தெரியும். அதனால்தான் கப்பல். பதிவுத் திருமணம் முடிந்தபோது யார் வீட்டிலும் பந்தி வேண்டாம் என்று இவளும் மாப்பிள்ளை பரிதியும்தான் முடிவு செய்தார்கள், நடுக்கடலில், யார் சமைத்ததும் இல்லாத சாப்பாட்டை, இரண்டு அம்மாக்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கெட்டிக்காரத்தனம். ஒருத்தி டப்பாவில் சொந்தச் சமையலைக் கட்டிக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. எப்படி எதிர்பார்க்காமல் போனாய், உன் மாமியாருக்கு வேண்டியது கடல்காற்றா? தன் கையால் செய்ததை நான் தன் கண்ணெதிரில் தின்ன வேண்டும், அதுதானே வேண்டும்? கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. எத்தனையோ தலைமுறைக் கணக்கின் உரிமை. என் மாமியார் செய்ததற்கெல்லாம் என் குடலால் பதில் சொல்லச் சொல்கிறாய் மைத்ரேயி. சொல்லலாம். ஒன்றே ஒன்று. டிஷ்யூவால் பிடித்து எடுத்துவிட்டேன்கூட. கனமாக, உருண்டையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. எவ்வளவு நல்ல வாசனை. இதைத் தின்றால் நான் நல்லவள். தின்னாவிட்டால் நான் என் மாமியார். உயிரோடு இருப்பதற்கும் நல்லவளாக இருப்பதற்கும் நடுவில் இந்த எலுமிச்சை அளவு உருண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முட்டிக்கொண்டு வருகிறது கோபம், தின்றுவிட்டு நடிக்கவும் மாட்டேன், தின்னாமல் நடிக்கவும் மாட்டேன், போதும்.

'மாவு மில்லுல அரைச்சதா, டீச்சர்?' கேட்டுவிட்டேன். 'பின்ன? கையிலயா திரிக்க?' 'உங்களுக்கு முன்னாடி அதுல என்ன அரைச்சா?' மைத்ரேயி ஸ்பூனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி டீச்சர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. 'எதுக்குக் கேக்குதிய?' என்றார், மெதுவாக. சொன்னேன். ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தாலும் ஆகாது என்றும், இது அலர்ஜி இல்லை, அரிப்பு இல்லை, உடம்பு தன் குடலைத் தானே தின்பது என்றும், என்ன ஆகும், எப்படி ஆகும், கழிப்பறை உட்பட எல்லாம், சாப்பாட்டு மேஜையில் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன், குரல் ஏறிக்கொண்டே போனது, பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முழுக்கக் கேட்டார். 'எங்க ஊரு மில்லுல நாள் பூரா கோதுமைதான் ஓடும்' என்றார். 'அப்ப எனக்கு வேண்டாம்' என்று உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தம் அது வைக்கப்பட்ட சத்தம். அவர் அதே உருண்டையை எடுத்தார், விரலால் உடைத்தார், என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார். 'பைக்குள்ள நாலு கெடக்கு, இல்ல?' என்றார். 'காலம் பூரா பிள்ளைய பென்சில ஒளிச்சு வைக்கதப் பாத்த கண்ணு மைனி இது. எம் மவன்ட்டகூடச் சொல்லல. நல்லாருக்குன்னு வேற சொன்னிய. இவ்வளவுதானா, படிச்ச பொம்பளயும் இவ்வளவுதானான்னு நெனச்சேன்.' கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். பைக்குள் அந்த நாலும் டிஷ்யூவில் எண்ணெய் கசிந்துகொண்டு கிடந்தன, குப்பையில் போடவும் மனம் வரவில்லை, அதை எப்படி இவரிடம் சொல்வது. அவர் கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார். நகத்தால் கீறி உரித்தார், சுளையைப் பிரித்து நீட்டினார். 'இத யாரும் மில்லுல அரைக்கல. இதாவது ஆகுமா?' மைத்ரேயிக்கு உயிர் வந்தது. 'ஆகும் அத்தை, அம்மாவுக்கு ஆரஞ்சுன்னா அவ்வளவு இஷ்டம்!' சுளை என் முகத்துக்கு எதிரில் இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களில் முந்திரிக்கொத்தின் பொடி, நகக்கண்ணில் மாவு, சுளையின் ஈரத்தில் அது கரைந்து ஒட்டியிருந்தது.

இதைவிடக் கேவலமாக யாராவது யோசித்துப் பண்ண முடியுமா. எந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக நான் சோற்றுக் கரண்டியைத் தயிரில் இறக்கினேனோ, அதை இப்போது சொல்ல வேண்டும், இந்தப் பெண்ணிடம், இத்தனை பேர் நடுவில். கையில் வாங்கிக்கொண்டு, மறுபடியும் டிஷ்யூ. வேண்டாம். 'கையை அலம்பிண்டு வந்து தாங்கோ டீச்சர்' என்றேன். சொன்னதும் எனக்கே காது அடைத்துக்கொண்டது. மைத்ரேயி முகத்தை மூடிக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. 'எங்க அம்மைக்கு டீக்கடையில தனி கிளாசு' என்றார் முத்துப்பேச்சி டீச்சர், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், ஏற்ற இறக்கமில்லாமல். 'குடிச்சிட்டு அவளே கழுவி வைக்கணும். எத்தன வாட்டி கழுவுனாலும் அது அவ கிளாசுதான். கழுவுனாப் போவாதுன்னுதான் எங்களுக்குச் சொன்னாவ. ஒங்களுக்குள்ளது கழுவுனாப் போவுமா?' நான் அவரைப் பார்த்தேன். கேலியில்லை, உண்மையாகவே கேட்கிறார், விடை தெரிய வேண்டியிருக்கிறது. 'போகும்' என்றேன். 'சோப்புப் போட்டுத் தேச்சா போயிடும். வாசல்ல பீச்சறானே அது போறாது. சோப்பு.' நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவர் எழுந்து, புடவையை உதறிவிட்டு, மேஜைகளுக்கு நடுவே போனார், முதுகு நிமிர்ந்து. உரித்த ஆரஞ்சைத் தட்டோடு தள்ளி வைத்தேன். அந்தப் பழம் போயிற்று, கூடையில் வேறு இருக்கிறது. 'திருப்தியா?' என்றாள் மைத்ரேயி முகத்தை மூடிய கைக்குள்ளிருந்து. 'நான் இனிமே எந்த மூஞ்சியை வச்சுண்டு அந்தாத்துக்குப் போவேன்?' பரிதி ஒரு கிண்ணம் தயிர்ச் சாதத்தோடு வந்தான். 'அம்மா எங்க?' 'கை அலம்பப் போயிருக்கா' என்றேன். 'அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். கடல் ஜன்னலில் ஏறியது, இறங்கியது. வரமாட்டார். அறைக்குப் போயிருப்பார், பெட்டியை மூடிக்கொண்டு இருப்பார், அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவார், நான் என் குடலோடு நன்றாக இருப்பேன், இழை இழையாக அது வளரும், யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டாம். ஏறியது, இறங்கியது. தண்ணீர் எவ்வளவு, இதில் எத்தனை பேர் எதையெல்லாம் கழுவியிருப்பார்கள், எது போயிற்று.

மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று. நிமிர்ந்தேன். முழங்கை வரை நனைத்துக்கொண்டு வந்திருந்தார், ரவிக்கைக் கையும் ஈரம். உட்காரவில்லை. இரண்டு கைகளையும் என் முகத்துக்கு எதிரில் நீட்டி, மேல்புறம் காட்டினார், திருப்பி உள்ளங்கையைக் காட்டினார். 'வரிசையா நிக்க வச்சு நகம் பாத்தவ நானு. இன்னிக்கு நீங்க பாருங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க.' அது குத்தலா, கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. மைத்ரேயி என் தொடையைக் கிள்ளினாள். மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லியிருக்கலாம், நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அதுதான் அந்த வெறும் வாய் மெல்லல். நான் கைகளைப் பிடித்தேன். குளிர்ந்து, சொரசொரப்பாக, சோப்பு வாசனையோடு இருந்தன. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் திருப்பி, வெளிச்சத்துக்குக் காட்டி, நகக்கண்ணைப் பார்த்தேன், பக்கத்து மேஜைகள் பார்த்தால் பார்க்கட்டும். கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல். அவர் மூச்சு என் தலைமேல் பட்டுக்கொண்டிருந்தது. வலது கை மோதிர விரலின் ஓரத்தில், கடுகில் பாதி அளவு, மஞ்சளாக. கையை விடாமல் நிமிர்ந்து சொன்னேன்: 'இதுல இன்னும் கொஞ்சம் இருக்கு, மைனி.'